ஜீவனியைக் கெட்டியாகக் கரைக்காதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மூன்று வயது மகனுக்கு நேற்றிலிருந்து வயிற்றோட்டம். ஜீவனியை (வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் கொடுக்கும் தூள்) ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்கச் சொல்லி பக்கற்றில் போட்டிருக்கிறது. அவன் அவ்வளவு குடிக்க மாட்டான். முழுப் பக்கற்றையும் ஒரு கிளாஸில் கரைத்துக் கொடுக்கலாமா? சோடா கொடுத்தாலே போதும் என்கிறார் மாமி."

தயவுசெய்து அப்படிக் கரைக்காதீர்கள். அதைக் குடித்தால் பிள்ளையின் உடம்பிலிருந்து இன்னும் தண்ணீர் போகும்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் பிரசாரணம் படித்திருப்பீர்கள். கலத்தின் மென்சவ்வு நீரை விடும், உப்பையும் சீனியையும் இலகுவில் விடாது. அதனால் கரைசல் செறிவாக உள்ள பக்கத்துக்கு நீர் நகரும். உப்புப் பிரட்டி வைத்த தேசிக்காய் தண்ணீர் விடுவது இதனால்தான். குடலிலும் இதேதான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002இல் திருத்திய அளவின்படி, சரியாகக் கரைத்த ஒரு லீற்றரில் செறிவு 245 மில்லி ஒஸ்மோல் (நீரில் கரைந்துள்ள துணிக்கைகளின் அளவைக் காட்டும் அலகு). நமது இரத்தத்தில் அது 285க்கும் 295க்கும் இடையில். குடலில் இருப்பது சற்று ஐதானது என்பதால் நீர் இரத்தத்தை நோக்கி வரும். அதே பக்கற்றை 200 மில்லிலீற்றரில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்கு, அதாவது 1225. அப்போது நீர் இரத்தத்திலிருந்து குடலுக்குள் இறங்கும், ஓட்டம் கூடும். இரத்தத்தில் உப்பிலுள்ள சோடியம் மிதமிஞ்சி ஏறினால் மூளைக் கலங்களும் நீரை இழக்கும், வலிப்புக்கூட வரலாம்.

சரி, வெறும் தண்ணீர் கொடுத்தால்? இழந்த உப்பு திரும்ப வராது. ஒட்சிசன் மென்சவ்வு வழியே தானாகப் பரவிப் போய்விடும், சோடியத்தால் அது முடியாது. சிறுகுடல் கலங்களில் உள்ள ஒரு புரதம் இரண்டு சோடியம் அயன்களையும் ஒரு குளுக்கோசு மூலக்கூறையும் சேர்த்தே உள்ளே எடுக்கிறது. அவற்றின் பின்னால் நீரும் போகிறது. ஜீவனியில் குளுக்கோசு இருப்பது ருசிக்காக அல்ல. கொலராவில்கூட இந்தப் புரதம் வேலை செய்கிறது. 1971இல் வங்காளதேசப் போர் அகதிகளிடையே கொலரா பரவி, சேலைன் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மஹலானாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார்.

சோடாவில் சீனி மிக அதிகம், சோடியம் மிகக் குறைவு. அதுவும் நீரைக் குடலுக்குள் இழுக்கும். மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தம்பிலி (செவ்விளநீர்) கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதிலும் சோடியம் போதாது, ஜீவனிக்குப் பதிலாகாது.

அப்புறம், மகன் ஒரு லீற்றரையும் ஒரேயடியாகக் குடிக்க வேண்டியதில்லை. கொதித்து ஆறிய நீரை அளந்து எடுத்து முழுப் பக்கற்றையும் கரைத்து, மூடி வையுங்கள். ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பின்பும் 100 முதல் 200 மில்லிலீற்றர் வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம்.

கண் குழி விழுந்தாலோ, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.