எழுத்துகள் கட்டங்களாவது ஏன்?

கேள்வி: எங்கள் சங்க உறுப்பினர்களுக்கு மாதக் கணக்கறிக்கையை பிடிஎஃப் ஆக அனுப்பும் மென்பொருளை எழுதியிருக்கிறேன். சர்வரில் டாக்கருக்குள் (மென்பொருளைத் தனிப்பெட்டிபோல் அடைத்து இயக்கும் கருவி) ஹெட்லெஸ் குரோம், அதாவது திரையில் சாளரம் திறக்காத குரோம் உலாவி, இயங்குகிறது. அறிக்கையில் உள்ள எஸ்விஜி வரைபடம் (கோடு, வளைவு, எழுத்துகளைக் குறிப்புகளாக வைத்திருக்கும் படக்கோப்பு) என் மடிக்கணினியில் சரியாக இருக்கிறது. சர்வரில் தமிழ் எழுத்துகள் மட்டும் வெற்றுக் கட்டங்களாகின்றன. அச்சிட்டால் சங்கச் சின்னமும் மங்குகிறது. தவறு எங்கே? – வாசகர், கோவை

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

கோடுகளும் வளைவுகளும் பிசகாமல் வந்து எழுத்து மட்டும் கட்டமானால், சந்தேகம் முதலில் எழுத்துருவின் மேல்தான் விழ வேண்டும். எஸ்விஜி கோப்பின் டெக்ஸ்ட் உறுப்பில் எழுத்துகளின் குறியெண்களும் எழுத்துருவின் பெயரும்தான் இருக்கின்றன. எழுத்தின் உருவத்தைத் தேடி எடுப்பது அதை வரையும் கணினியின் பொறுப்பு. டாக்கரின் ஸ்லிம் இமேஜ்களில், அதாவது அளவு குறைத்த அடிப்படைத் தொகுப்புகளில், தமிழ் எழுத்துரு இராது. கண்டெய்னருக்குள் (இயங்கிக்கொண்டிருக்கும் அந்த டாக்கர் பெட்டி), எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கட்டளையைத் தமிழுக்கான 'டிஏ' என்ற மொழிக்குறியோடு இயக்குங்கள். ஒரு வரிகூட வராவிட்டால் காரணம் உறுதி. உள்ளே இருப்பது டெபியன் என்ற லினக்ஸ் வகையானால், நோட்டோ எழுத்துருக்கள் அடங்கிய நோட்டோ கோர் தொகுப்பை, இமேஜை உருவாக்கும் குறிப்புக் கோப்பான டாக்கர்ஃபைலிலேயே நிறுவிவிடுங்கள்.

அதோடு விட்டுவிடக் கூடாது. கோப்பில் விண்டோஸின் 'லதா' எழுத்துருவைக் குறித்திருந்தால், சர்வர் அதற்குப் பதிலாக வேறொன்றை எடுத்துக்கொள்ளும். அகலம் மாறி, 'நிலுவைத் தொகை' என்ற சொல் பக்கத்துப் பட்டையின் மேல் ஏறி நிற்கும். ஆகவே கோப்பிலும் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்றே எழுதி, உங்கள் மடிக்கணினியிலும் அதையே நிறுவிக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து எழுத்துருவை இழுக்கலாம் என்று நினைத்தால், எச்டிஎம்எல் பக்கத்தில் படம் சேர்க்கும் இமேஜ் டேக் வழியாகச் சேர்த்த எஸ்விஜி வெளியிலிருந்து எதையும் தருவிக்காது என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு எஸ்விஜியை எச்டிஎம்எல்லுக்குள் நேரடியாகப் பதிக்க வேண்டும், எழுத்துரு ஏறி முடியும்வரை காத்திருந்துதான் பிடிஎஃப் எடுக்க வேண்டும்.

எழுத்துகளை எல்லாம் பாதைகளாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றிவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். சின்னத்துக்கு அது பொருந்தும். கணக்கறிக்கையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறுப்பினர் தம் பெயரைத் தேடினாலும் கிடைக்காது, திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு அந்தப் பகுதி ஊமையாகிவிடும்.

சின்னம் மங்குவதற்குப் பெரும்பாலும் அதில் சேர்த்திருக்கும் நிழல்தான் காரணம். பிடிஎஃப் வடிவத்தில் கலங்கல் நிழலுக்கென்று வரைகட்டளை கிடையாது. ஆகவே ஃபில்டர் (நிழல் போன்ற விளைவைச் சேர்க்கும் எஸ்விஜி வசதி) பட்ட பகுதியைக் குரோம் புள்ளிப் படமாக மாற்றிவிடுகிறது. சர்வரைக் குறை சொல்லுமுன், மடிக்கணினியில் உருவான பிடிஎஃப்பையும் 800 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கும் மங்கலாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். சில வடிவமைப்பாளர்கள் பிஎன்ஜி படத்தை அப்படியே எஸ்விஜி உறைக்குள் போட்டுக் கொடுப்பதும் உண்டு. கோப்பை நோட்பேடில் திறந்தால் நீளமான பேஸ்64 சரம் (படத்தை எழுத்துகளும் எண்களுமாக மாற்றிய வடிவம்) அதைக் காட்டிக்கொடுக்கும். ஃபில்டர்தான் காரணம் என்றால் அதை நீக்கிவிட்டு, பாதி ஒளிபுகும் வடிவம் ஒன்றைச் சற்றுத் தள்ளிப் பின்னால் வையுங்கள்.

பிறகு பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பில் உள்ள, எழுத்துருக்களைப் பட்டியலிடும் பிடிஎஃப்ஃபான்ட்ஸை இயக்கினால், நோட்டோவின் பெயருக்கு நேரே 'எம்ப்' (கோப்புக்குள் பதிந்துள்ளதா) பத்தியில் 'யெஸ்' என்று வர வேண்டும்.