வாசகர் கேள்வி பதில்: தீவுகளும் ஒரு பழைய கடிகாரமும்

கேள்வி: நீங்கள் போய்வந்த தீவுகளில் மனதுக்கு மிகவும் பிடித்தது எது?

பதில்: நெடுந்தீவு. இதற்கு யோசிக்கவே வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை சாலை இருக்கிறது, அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறங்கி நடக்கத் தொடங்கியதும் கண்ணில் படுவது மதில்கள்தான். சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லாமல் பவளப்பாறைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே எழுப்பியிருக்கிறார்கள், கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குக் கல் பவளத்தின் கோடுகளும் துளைகளும் அப்படியே தெரியும், எந்தக் காற்றுக்கும் அசையாமல் நிற்கிற அந்தக் கைவேலையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் வெட்டவெளியில் மேயும் குதிரைகள். ஐரோப்பியர் காலத்தில் வந்து சேர்ந்தவற்றின் வாரிசுகள் என்கிறார்கள். வறட்சி மாதங்களில் தண்ணீருக்குத் தவிக்கிற பிராணிகள் அவை, படம் எடுப்பதற்காகத் துரத்தாதீர்கள். இறங்கியவுடனேயே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்வதும் முக்கியம்.

கேள்வி: ராமேஸ்வரமும் தீவுதான். ஆனால் அங்கே போகும்போது தீவுக்குப் போகிற உணர்வே வருவதில்லையே?

பதில்: 1914-லேயே ரயில் பாலம் வந்துவிட்டது, பிறகு சாலைப் பாலமும் வந்தது, கடலைத் தாண்டுவது தெரிவதற்குள் தாண்டி முடித்துவிடுகிறோம். அந்த உணர்வு வேண்டுமென்றால் கோயிலோடு திரும்பிவிடாமல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்கள் மணலில் நிற்கின்றன. இரண்டு பக்கமும் கடல் நெருங்கி வர, நடுவில் ஒற்றைச் சாலை மட்டும் நீள்கிறது.

கேள்வி: முதல்முறையாக அந்தமான் போகிறோம். கடற்கரை தவிர எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: செல்லுலார் சிறையை எப்படியும் பார்த்துவிடுவீர்கள். ராஸ் தீவுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். 2018-லிருந்து அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஆங்கிலேயர்கள் தங்கள் நிர்வாகத் தலைமையிடமாக வைத்திருந்த இடம், 1941-இல் நிலநடுக்கம், அடுத்த ஆண்டே ஜப்பானியர் வருகை, அதோடு முடிந்தது அதன் கதை. கூரை போன கட்டடங்களை ஆலமர வகை மரங்களின் வேர்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன, சில இடங்களில் சுவர் எது, வேர் எது என்றே பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, அங்கே சீக்கிரம் இருட்டிவிடும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, அந்தமான் அதற்குச் சுமார் பத்து பாகை கிழக்கே, பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வெளியே போகிற வேலையையெல்லாம் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உங்கள் வீட்டில் யாருக்கும் கொடுக்க மனம் வராத பழைய பொருள் என்ன?

பதில்: அப்பா வைத்திருந்த ஊசல் கடிகாரம். மரப்பெட்டி, கண்ணாடிக் கதவு, முகப்பில் இரண்டு சாவித் துவாரம்: ஒன்று ஓடுவதற்கு, மற்றது மணி அடிப்பதற்கு. வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். அந்தச் சாவியைத் திருப்பும்போது உள்ளே ஸ்பிரிங் இறுகுவது விரலுக்குத் தெரியும், போதும் என்று அதுவே சொல்லிவிடும். வெயில் காலத்தில் கொஞ்சம் பின்தங்கும், ஊசல் தண்டு சூட்டில் நீள்வதால்தான். ஊசல் குண்டுக்கு அடியில் உள்ள திருகைத் திருகிக் குண்டைத் துளி மேலே ஏற்றினால் வேகம் கூடும், இறக்கினால் குறையும். எவ்வளவு நல்ல கடிகாரம் பரிசாக வந்தாலும் அந்தச் சுவரில் இதுதான் இருக்கும்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் கடிகாரமும் அதே மாதிரிதான். சாவி கொடுத்தாலும் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. விற்றுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விற்காதீர்கள்! முதலில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள். டிக், டாக் இரண்டுக்கும் நடுவே இடைவெளி சமமாக இல்லாமல் நொண்டினால், பெரும்பாலும் கடிகாரம் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பெட்டியை இப்படியும் அப்படியும் மெல்ல நகர்த்தி, சத்தம் சீராக வருகிற இடத்தில் நிறுத்துங்கள். பெட்டி நேராகத் தொங்குகிறதா என்று கண்ணால் பார்ப்பதைவிடக் காதையே நம்பலாம். பெரிய முள்ளைப் பின்னோக்கித் திருப்பாதீர்கள், பழைய மணிக்கடிகாரங்களில் மணிக் கணக்கு குழம்பிவிடும். கையில் கிடைத்த எண்ணெயை உள்ளே விடவும் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்துச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பிறகும் நின்றால் பழைய கடிகாரம் தெரிந்த பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். நீங்களாகப் பிரிக்காதீர்கள், இறுகிய ஸ்பிரிங் விடுபட்டால் கையைக் கிழித்துவிடும்.