யாகர் எப்போது விலகியிருக்க வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விளையாட்டும் முதுமையும் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையில், ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் யாரோமிர் யாகரின் பின்பாதி ஆட்டவாழ்க்கையே அவருடைய பெரிய சாதனை என்று ஒரு வரி வந்திருந்தது. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதே ஆட்டத்தின் மாபெரும் வீரரான வெய்ன் கிரெட்ஸ்கி தமது 38ஆம் வயதில், இன்னும் சில ஆண்டுகள் ஆடக்கூடிய நிலையிலேயே, கௌரவமாக விடைபெற்றார். யாகரோ 2008இல் 1,599 புள்ளிகளோடு (கோல்களும் கோலுக்கான உதவிகளும் சேர்ந்த கணக்கு) வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். தொழில்முறைப் போட்டிகளை விட்டு ரஷ்யா சென்றவர், மூன்றாண்டு கழித்துத் திரும்பிவந்து, அழைத்த அணிகளுக்கெல்லாம் ஆடி, கடைசியில் கால்கரி அணியில் 22 ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் அடித்த நிலையில் வெளியேறினார். அவருடைய 1990களின் ஆட்டங்களைக் காணொளிகளில் பார்த்து வியந்த எனக்கு இந்த முடிவு வருத்தத்தையே தருகிறது. உச்சியில் இருக்கும்போது விலகுவதுதானே அழகு? வேகத்தை நம்பி ஆடும் ஒரு முன்கள ஆட்டக்காரருக்கு நாற்பதுக்கு மேல் என்னதான் மிச்சமிருக்கிறது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாற்பதுக்கு மேல் ஒரு முன்கள ஆட்டக்காரருக்கு என்ன மிச்சமிருக்கிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டால், அவர் எப்போது விலகியிருக்க வேண்டும் என்ற கேள்வி தானாகவே வேறு வடிவம் எடுத்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் மூன்று முன்கள ஆட்டக்காரர்கள் பனித்தளத்தில் இருப்பார்கள். நடுவில் ஒருவர், இரு விங்குகளிலும் ஒவ்வொருவர். இப்படி நான்கு மூவர் கூட்டணிகள் மாறி மாறி இறங்கும். ஒரு முறை இறங்கினால் முக்கால் நிமிடம் போல முழு வலுவையும் செலவிட்டு ஆடிவிட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பெஞ்சுக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த முக்கால் நிமிடத்தில் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பது முதல் மூன்று நான்கு உந்தல்களில் கால் எடுக்கும் வேகம்தான். முப்பதைத் தாண்டியதும் உடல் முதலில் திருப்பிக் கேட்பதும் அந்த வேகத்தையே. காயங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியின் மைக் பாஸி 752 ஆட்டங்களில் 573 கோல் அடித்தவர். தொடர்ந்து ஒன்பது பருவங்களில் ஐம்பதுக்குக் குறையாமல் அடித்தவர். முதுகு வலி அவருடைய ஆட்டத்தை 30 வயதில் முடித்துவைத்தது. உச்சியில் விலகுவது என்பது இந்த ஆட்டத்தில் பலருக்கும் ஒரு தேர்வாக அமைவதே இல்லை.

யாகரின் முன்பாதியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்பதால் அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். செக் நாட்டின் கிளாட்னோ நகரத்தில் 1972இல் பிறந்தவர். 1990இல், என்.ஹெச்.எல். அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணி அவரை ஐந்தாவது தேர்வாக எடுத்துக்கொண்டது. அவருக்குப் பத்தாண்டு முன்பு, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் ஆட்டக்காரர்களான ஸ்டாஸ்ட்னி சகோதரர்கள் நாட்டை விட்டுத் தப்பியோடித்தான் அந்தப் போட்டிகளில் ஆட முடிந்தது. கம்யூனிச ஆட்சி விழுந்த பின் வந்த யாகர் வெளிப்படையாகவே விமானம் ஏற முடிந்தது. சோவியத் படைகள் பிராகுக்குள் நுழைந்த 1968ஆம் ஆண்டின் நினைவாகத்தான் முதுகில் 68 என்ற எண்ணை அணிந்தார். அவருடைய தாத்தா இறந்த ஆண்டும் அதுவே. பதினெட்டு வயதில், மொழி தெரியாத ஊரில் அவர் வாடிப்போயிருந்ததைக் கண்ட அணி நிர்வாகம், அதே ஆண்டு டிசம்பரில் யிரி ஹர்டினா என்ற மூத்த செக் ஆட்டக்காரரை கால்கரியிலிருந்து வரவழைத்தது. 1991, 1992 என அடுத்தடுத்து இரண்டு முறை, என்.ஹெச்.எல். வாகையருக்கான ஸ்டான்லி கோப்பையை அந்த அணி வென்றது.

1992 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் சிகாகோவுக்கு எதிராக அவர் அடித்த கோலை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். 4-1 என்று பின்தங்கியிருந்த அணியை 4-4 என்ற சமநிலைக்குக் கொண்டுவந்த கோல் அது. தளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோரம், பக் எனப்படும் ரப்பர் வட்டைப் பெற்று, ஒருவர் பின் ஒருவராக வந்த தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி, கடைசியில் மட்டையின் பின்புறத்தால் தட்டி உள்ளே அனுப்பினார். அந்த ஆட்டத்தில் அதே அணியின் மரியோ லெமியூ கடைசி விநாடிகளில் வெற்றிக் கோலை அடித்தார் என்றாலும், மனத்தில் நிற்பது யாகரின் கோல்தான். அந்தக் கோலில் இருந்தது முழுக்க முழுக்க இளமை. அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்று எதிராளி யோசித்து முடிப்பதற்குள் அவர் திரும்பிவிட்டிருந்தார்.

இந்த இளமை உச்சத்தில் அவர் எட்டிய எண்கள் பெரியவை. 1995-96 பருவத்தில் 62 கோல், 87 உதவிகள், ஆக 149 புள்ளிகள். 1998-99இல் 127 புள்ளிகள். இரண்டாம் இடத்தில் இருந்தவர் அவரைவிட 20 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். அந்தப் பருவத்தில் அவர் ஓர் ஆட்டத்துக்கு 25 நிமிடத்துக்கும் மேலாகப் பனித்தளத்தில் இருந்தார். முன்கள ஆட்டக்காரருக்கு அது மிக மிக அதிகம்.

உச்சியில் விலகியிருக்க வேண்டும் என்றால், எந்த உச்சி என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2001இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணிக்குப் போனார், அன்று வரை எவருக்கும் தரப்படாத பெருந்தொகை ஒப்பந்தம் கிடைத்தது, ஆட்டம் சரிந்தது. அந்த ஆண்டுகளில் அவர் மனம் ஒன்றி ஆடினார் என்று அவருடைய ரசிகனான நான்கூடச் சொல்ல மாட்டேன். 2004 ஜனவரியில் வாஷிங்டன் அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. அவருடைய காலம் முடிந்தது என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. ஆனால் ஆட்டக்காரர்களுக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையிலான தொழில் தகராறால் ஒரு பருவமே ரத்தாகி, விதிகள் திருத்தப்பட்டு, 2005-06இல் ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது, 33 வயதில் 54 கோலும் 123 புள்ளிகளும் எடுத்தார். ரேஞ்சர்ஸ் அணியின் வரலாற்றில் ஒரே பருவத்தில் இவ்வளவு புள்ளிகளை வேறெவரும் எடுத்ததில்லை. முதல் சரிவிலேயே அவர் போயிருந்தால் இந்தப் பருவம் நமக்குக் கிடைத்திருக்காது.

பிறகு ரஷ்யாவின் ஓம்ஸ்க் அணி. நீங்கள் இதை ஓர் இடைவெளியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே 2008 அக்டோபரில், அவரோடு ஒரே கூட்டணியில் ஆடிய அலெக்சி செரெபனோவ் என்ற 19 வயது இளைஞர் ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் சரிந்து விழுந்து இறந்தார். சற்று முன்புதான் இருவரும் சேர்ந்து ஆடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அணியை விட்டுவிடாமல் மூன்று பருவங்கள் அங்கேயே ஆடினார். தம்மைவிட இருபது வயது இளையவர்களோடு ஆடப் பழகியதும் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

2011இல் 39 வயதில் பிலடெல்பியா அணிக்குத் திரும்பி வந்தவர் 1992இன் யாகர் அல்லர். அந்த முதல் உந்தல் போய்விட்டிருந்தது. அதை அவர் மறைக்க முயலவில்லை. அது தேவைப்படாத ஓர் ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டார். பலகைச் சுவரோரம் பக் கிடைத்ததும் அவர் கோலை நோக்கித் திரும்ப மாட்டார். முதுகைத் தடுப்பாட்டக்காரருக்குக் கொடுத்து, முழங்கால்களை அகல விரித்து, இடுப்பைத் தாழ்த்தி நிற்பார். ஆறடி மூன்றங்குல உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை, நீண்ட கைகள். பக்கைத் தொட வேண்டுமானால் எதிராளி அந்த உடம்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அவர் இடப்பக்கம் வந்தால் யாகர் வலப்பக்கம் இடுப்பைச் சற்றே திருப்புவார், வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம். பொறுமையிழந்து பிடித்து இழுத்தாலோ மட்டையால் கொக்கி போட்டாலோ, 2005இல் இறுக்கப்பட்ட நடுவர் நடைமுறையின்படி இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டியதுதான். ஆகவே இரண்டாவது தடுப்பாட்டக்காரர் உதவிக்கு வருவார். அவர் வந்த கணத்தில் கோலுக்கு முன்னால் ஓரிடம் காலியாகும். யாகர் காத்திருந்தது அதற்காகத்தான். பக் அங்கே போய்விடும், அங்கே ஓர் இளைஞர் நின்றிருப்பார்.

ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணியில் அந்த இளைஞர்கள் அலெக்சாண்டர் பார்கோவும் ஜோனத்தன் ஹூபர்டோவும். பார்கோவ் பிறந்தது 1995இல். அதற்குள் யாகர் இரண்டு கோப்பைகளை வென்றுவிட்டிருந்தார். 2015-16 பருவத்தில், நடுவே 44 வயதை எட்டிய யாகர், ஆட்டத்துக்குச் சுமார் 17 நிமிடம் மட்டுமே ஆடி, 66 புள்ளிகளோடு அந்த அணியிலேயே முதலிடத்தில் இருந்தார். அவர் 18 வயதில் வந்த முதல் பருவத்தில் அடித்தது 27 கோல். இந்தப் பருவத்திலும் 27 கோல். இரண்டுக்கும் நடுவே கால் நூற்றாண்டு. அந்த 27க்கும் இந்த 27க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டித்தான் என் கட்டுரையில் அந்த வரியை எழுதினேன். முதலாவதில் பெரும்பகுதி அவருக்குப் பிறப்போடு வந்தது. இரண்டாவது முழுக்க அவரே தேடிச் சேர்த்தது.

எப்படிச் சேர்த்தார் என்பதற்கும் பதிவுகள் இருக்கின்றன. சிறுவயதில் நாளொன்றுக்கு ஆயிரம் முறை உட்கார்ந்து எழுவேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாற்பது வயதுக்குப் பின், மற்றவர்கள் உறங்கும் நேரத்தில் பயிற்சி அரங்குக்குப் போய், எடை கூட்டிய மேலாடையும் கணுக்கால் எடைகளும் அணிந்து தனியே ஸ்கேட் செய்வது அவருடைய வழக்கம். அவரோடு ஒரே அணியில் ஆடிய இளைஞர்கள் பலர் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். சிலர் அவரோடு அந்த இரவுப் பயிற்சிக்குப் போகவும் தொடங்கினார்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2008இல் விலகியிருந்தால் 1,599 புள்ளிகளோடு நின்றிருப்பார். திரும்பி வந்து ஆடிய 460 ஆட்டங்களில் 120 கோலும் மொத்தம் 322 புள்ளிகளும் சேர்த்தார். அதுவரை இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் மெஸ்ஸியரைத் தாண்டி, 1,921 புள்ளிகளோடு, அனைத்துக் காலப் பட்டியலில் கிரெட்ஸ்கிக்கு அடுத்த இடத்தில் நிற்கிறார். எண்ணிக்கைக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. இந்த 322 புள்ளிகளும் முதல் 1,599 புள்ளிகள் எடுக்கப்பட்ட வழியில் எடுக்கப்பட்டவை அல்ல என்பதே நான் சொல்ல வருவது.

கிரெட்ஸ்கியின் விடைபெறல் அழகானது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ரேஞ்சர்ஸ் அணிக்காக அவர் ஆடிய அந்தக் கடைசி ஆட்டம், யாகரின் பிட்ஸ்பர்க் அணிக்கு எதிராக 1999 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கில் நடந்தது. ரேஞ்சர்ஸ் அடித்த ஒரே கோலுக்கு கிரெட்ஸ்கி உதவினார். ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. பிட்ஸ்பர்க்கின் வெற்றிக் கோலை அடித்தவர் யாகர். அப்போது அவருக்கு வயது 27. ஒருவர் 38இல் நிறுத்திக்கொண்டார், மற்றவர் அதன் பிறகு, நடுவே ரஷ்யாவில் ஆடிய மூன்று பருவங்கள் போக, 2017 முடியும் வரை என்.ஹெச்.எல்.இல் ஆடினார். ஒரே தளத்தில் நின்ற இருவரும் தத்தம் இயல்புக்கு ஏற்ற வழியில் போனார்கள். கிரெட்ஸ்கியின் வழியை எல்லோருக்குமான அளவுகோலாக்க வேண்டியதில்லை. 51 வயதில், 1979-80 பருவத்தின் 80 ஆட்டங்களிலும் ஆடி 15 கோல் அடித்த கோர்டி ஹோவை அந்த அளவுகோலால் எப்படி அளப்பது?

கால்கரி பற்றி. அங்கே நடந்தது எனக்கும் வருத்தம் தந்தது. பருவம் தொடங்குவதற்கு முன் முறையான பயிற்சி இல்லாமல் தாமதமாக ஒப்பந்தமானார், காயங்கள் விடவில்லை, 2017 டிசம்பர் 31 அவருடைய கடைசி என்.ஹெச்.எல். ஆட்டமாக ஆனது. ஆனால் அந்த 22 ஆட்டங்களை வைத்து முந்தைய ஆறு பருவங்களையும் தீர்ப்பது நியாயமில்லை. அவர் அங்கிருந்து போனது ஓய்வுக்கும் அல்ல. தம் தந்தையிடமிருந்து பொறுப்பேற்று நடத்திவந்த கிளாட்னோ அணிக்குப் போனார். தாம் ஆடினால்தான் அரங்கு நிறையும், விளம்பரதாரர்கள் வருவார்கள் என்பதை அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். ஐம்பது வயதுக்குப் பிறகும் அங்கே ஆடினார். 2024 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அணி அவருடைய 68ஆம் எண்ணை அரங்கின் கூரையில் ஏற்றிக் கௌரவித்தபோதும் அவர் முறைப்படி ஓய்வு பெற்றிருக்கவில்லை.

நேரம் கிடைக்கும்போது ஒன்று செய்யுங்கள். 1992இன் அந்த இறுதிச் சுற்று முதல் ஆட்டத்தையும், 2015-16 பருவத்தில் ஃபுளோரிடா ஆடிய ஏதேனும் ஓர் ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கோல் காட்சித் தொகுப்பு வேண்டாம்; முழு ஆட்டமாகவே பாருங்கள். இரண்டாவதில் பக்கைப் பார்க்காமல், பலகையோரத்தில் யாகரின் இடுப்பையும், அவரை நெருங்கும் தடுப்பாட்டக்காரர் எந்தக் கணத்தில் தயங்குகிறார் என்பதையும் கவனியுங்கள். பார்த்த பிறகும் 2008இல் அவர் நிறுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றினால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்