படர்தாமரைக்குக் காப்ஸ்யூல் சாப்பிட்டும் குணமில்லை: டோஸைக் கூட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை. இட்ராகோனசோல் 100 மி.கி. காப்ஸ்யூல் தினமும் இரண்டு வீதம் மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். அரிப்பு கொஞ்சம் குறைந்ததோடு சரி. நெஞ்செரிச்சலுக்காகக் காலையில் வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல் போடும்போதே இதையும் விழுங்கிவிடுகிறேன். டோஸைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். நீங்கள் விழுங்கும் மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிக்கொண்டிருக்கலாம். முதலில் சாப்பிடும் முறையைச் சரிசெய்ய வேண்டும்.

இட்ராகோனசோல் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். அமிலமில்லாத நீரில் ஒரு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் கரையும். இரைப்பை அமிலம் போன்ற வலுவான அமிலத்தில் அது சில மில்லிகிராமாக உயரும். காப்ஸ்யூலுக்குள் இருக்கும் சிறு உருண்டைகள், சர்க்கரை மணிகள்மீது மருந்தையும் ஒரு பாலிமரையும் கலந்து பூசியவை. அந்தப் பூச்சில் மருந்து படிகமாக இல்லாததால் அமிலம் பட்டதும் சட்டென்று கரைகிறது. கரைந்தது குடலுக்குப் போய் மறுபடி படியாமல் பாலிமர் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும். அதற்குள் உறிஞ்சப்பட வேண்டும். அமிலமே இல்லையென்றால் முதல் படியே நடக்காது. அமிலச் சுரப்பை அடக்கும் ஒமெப்ரசோலுடன் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் இட்ராகோனசோலின் அளவு சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. பேன்டோபிரசோலும் அதே வகைதான்.

எனவே காப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு முழுசாக விழுங்குங்கள். உணவு வந்தால் மருந்து இரைப்பையில் கூடுதல் நேரம் தங்கும், பித்தநீரும் சுரக்கும். இரண்டும் கரைய உதவும். காப்ஸ்யூலைப் பிரித்து உருண்டைகளை நசுக்காதீர்கள்.

நெஞ்செரிச்சல் மருந்தில்தான் பலர் தவறுகிறார்கள். சுரந்த அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் சிரப் என்றால் காப்ஸ்யூலுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ குடித்தால் போதும். பேன்டோபிரசோலுக்கு அந்த இடைவெளி உதவாது. அமிலச் சுரப்பை அது நாள் முழுக்கவே அடக்கிவைக்கிறது. லேசான நெஞ்செரிச்சல்தான் என்றால், இந்தச் சிகிச்சை முடியும்வரை அதை நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். குடற்புண்ணில் ரத்தம் கசிந்தவர்களும், ஆஸ்பிரின் சாப்பிடுவதால் இதை எடுப்பவர்களும் தாமாக நிறுத்தவே கூடாது.

நிறுத்த முடியாதவர்கள் காப்ஸ்யூலைச் சர்க்கரையுள்ள கோலா பானத்தோடு விழுங்கலாம். நீரிழிவு இருந்தால் இது சரிவராது. இதைவிட நல்ல வழி மருந்தின் வடிவத்தை மாற்றுவது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வகைப் பொருளின் உதவியால் கரைத்த இட்ராகோனசோல் திரவத்துக்கு அமிலம் தேவையில்லை. அதை வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும். 65 மி.கி. என்று வரும் புதிய வகைக் காப்ஸ்யூலில் மருந்து குடலில்தான் வெளியாகிறது. பழைய 100 மி.கி.க்கு ஈடாக அமைக்கப்பட்டது. மில்லிகிராமை மட்டும் பார்த்து ஒன்றுக்கு ஒன்று நீங்களே மாற்றிக்கொள்ளாதீர்கள்.

உறிஞ்சுதல் சீரானதும் ரத்தத்தில் அளவு ஏறும் என்பதால் ஒரு எச்சரிக்கை. இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது; கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டினோடும் சேரக் கூடாது. கால் வீக்கம், மூச்சிரைப்பு, சிறுநீர் அடர்மஞ்சளாதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முறையை மாற்றிய பிறகு ரத்தத்தில் அளவு நிலைப்படச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதன்பிறகும் ஓரங்கள் சிவந்து பரவினால், தோலைச் சுரண்டி எடுத்து பூஞ்சைப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஏதேனும் தடவுகிறீர்களா என்பதையும் அப்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.