அரளி வளர்ப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: கொழிஞ்சாம்பாறையில் வீடு. அரளி வைத்து இரண்டு வருடம் ஆச்சு. தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை.

ப: அக்கா, வெயில் படுகிறதா? 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மத்தியதரைக் கடல் பக்கம் வறண்ட ஆற்றோரங்களில் தானாக வளரும் செடி இது. இலையின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். குட்டிக் குட்டிக் குழிகள், உள்ளே மயிரிழைகள், அதற்குள்தான் மூச்சுத்துளைகள். வாளையாறு கணவாய்க் காற்றிலும் ஈரத்தை விடாது. பூப்பது புதுத் தளிரின் நுனியில். பூத்து ஓய்ந்ததும் கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். யூரியா போட்டால் இலைதான் வரும்.

கே: தினமும் தண்ணீர் விடலாமா?

ப: வேர் பிடிக்கும்வரை விடுங்கள். அப்புறம் கோடையில் வாரம் ஒருமுறை போதும்.

கே: பச்சைப் புழு, வாலில் கொம்பு. கடிக்குமா?

ப: கடிக்காது. அரளி இலை தின்னும் அந்துப்பூச்சியின் புழு. தலைப்பக்கம் கண் மாதிரி இரண்டு நீலப் பொட்டு இருக்கும். மருந்தடிக்க வேண்டாம், பொறுக்கி எடுத்தால் போதும்.

கே: கேரளக் கோயில்களில் அரளியை நிறுத்திவிட்டார்களே, செடியை வெட்டிவிடவா?

ப: வேண்டாம். 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவசம் போர்டுகள் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும்தான் அரளி வேண்டாம் என்றன. காரணம், அவை வாய்க்குப் போகிறவை. செடி முழுக்க ஒலியாண்ட்ரின் என்ற நஞ்சு. இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அந்த முடிவு சரி என்பதே என் கருத்து.

கே: பாட்டி காலத்திலிருந்து செவ்வரளி மாலைதான் கட்டுகிறோம். யாருக்கு என்ன ஆச்சு?

ப: மாலை கட்டுங்கள், சாமிக்குச் சாத்துங்கள், நான் தடுக்கவில்லை. கட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், துளசித் தீர்த்தத்தில் இதழ் விழாமல் பாருங்கள். எங்கள் வீட்டில் வெட்டிப் போட்ட தழை வாடிக் கிடந்தது. பச்சையாக இருந்தபோது முகர்ந்து விலகிய ஆட்டுக்குட்டி, வாடியதைத் தின்றது. மறுநாள் எழவில்லை. காய்ந்தாலும் நஞ்சு போகாது.

கே: கோடையில் எத்தனை தடவை தண்ணீர்?

ப: மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: மூட்டுவலிக்கு அரளி வேர்க் கஷாயம் குடிக்கலாமா?

ப: கூடவே கூடாது. டாக்டரிடம் போங்கள்.

கே: வெட்டிய கிளையை அடுப்பெரிக்கலாமா?

ப: கூடாது, புகையும் நஞ்சு. ஆடு மாடு எட்டாத இடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.