குமரி மலைகளில் அழிந்துவரும் மூலிகைகளை முன்பு எதற்குப் பயன்படுத்தினார்கள்? மருந்துவாழ்மலையில் அவை கிடைக்குமா?

மருந்துவாழ்மலையில் மூலிகைகள் உண்டு. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆனால் அது வறண்ட மலை. அழிந்துவருகிற செடிகளில் பலவற்றுக்குக் கோதையாறு, பேச்சிப்பாறைப் பக்கத்து ஈரக்காடுதான் வீடு.

எனக்கு நன்றாகத் தெரிந்தது மரமஞ்சள். குலசேகரம் பக்கம் என் தாத்தா வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானாக இருந்தார். அவருடைய மருந்துப் பெட்டியில் எப்போதும் நாலைந்து துண்டு கிடக்கும். பார்க்க விறகு மாதிரிதான், வெட்டினால் உள்ளே பளீரென்று மஞ்சள். பெர்பெரின் என்ற சத்து தரும் நிறம் அது. காமாலைக்குக் கஷாயம் வைப்பார், ஆறாத புண்ணைக் கழுவவும் அதே கஷாயம்தான்.

அது பெரிய மரங்களில் ஏறிப் படரும் கொடி. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. காய்க்கப் பல வருஷம் ஆகும். மருந்துக்கு வேண்டியது தண்டு என்பதால் அடியோடு வெட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் ஆண் கொடி இல்லாமல் போனால் பெண் கொடி பூத்தும் பயனில்லை. தாத்தாவுக்கு ஒரு வருஷத்துக்கு ஒரு முழத் தண்டு போதும். வியாபாரிக்கோ சாக்குக் கணக்கு. நாட்டு வைத்தியம்தான் காட்டை அழித்தது என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஆரோக்கியப்பச்சை என்ற சிறு செடி. 1987-ல் அகத்தியமலைக் காட்டுக்குப் போன ஆய்வாளர்கள், வழிகாட்டிய காணிக்காரர்கள் என்ற மலைப் பழங்குடியினர் சோர்வே இல்லாமல் நடப்பதைப் பார்த்துக் கேட்டார்கள். வழியில் அவர்கள் மென்ற இந்தச் செடியின் சிறு காய்தான் காரணம். அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது, அதைத் தயாரிக்கும் உரிமைக்குக் கிடைத்த தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடானது. அறிவு அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். ஆனால் மதிப்பு தெரிந்ததும் வெளியாட்கள் செடியை வேரோடு பிடுங்கத் தொடங்கினார்கள். காணிகள் வயிற்றுப்புண்ணுக்குத் தரும் அமிர்தபாலாவுக்கும் வேர்தான் மருந்து. தோண்டினால் செடி போயிற்று.

இப்போது காமாலை என்று யாராவது மரமஞ்சள் தேடி வந்தால், முதலில் டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறேன். அதன் பிறகும் பச்சிலைதான் வேண்டும் என்பவர்களுக்கு முற்றத்தில் தானாக முளைக்கும் கீழாநெல்லி இருக்கிறது. அதற்காக யாரும் காட்டுக்குள் போக வேண்டாம்.