ஐ.நா. அமைதிப்படைக்கு இந்தியா ஏன் ராணுவத்தை அனுப்புகிறது? போகிறவர்களுக்கு டாலரில் சம்பளமா? என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான், அவனும் போக முடியுமா?

ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் டி.கல்லுப்பட்டிப் பக்கம். லெபனானில் ஐ.நா. பணியில் இருந்திருக்கிறேன்.

முதலில் சம்பளம். ஐ.நா. படையின் நீலத் தொப்பி போட்ட போட்டோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், "டாலர்ல வாங்குறான்யா" என்று டீக்கடையில் ஆரம்பித்துவிடுவார்கள். ஐ.நா. ஒரு வீரருக்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் தருவது உண்மைதான். ஆனால் அது போவது இந்திய அரசின் கணக்குக்கு. வீரருக்கு வழக்கமான சம்பளமும், அதற்கு மேல் அரசு நிர்ணயித்த வெளிநாட்டுப் படியும் கிடைக்கும். ஐ.நா. தன் பங்காக வீரரின் கையில் கொடுப்பது நாளுக்கு 1.28 டாலர்!

வண்டி, ஜெனரேட்டர், கூடாரம் எல்லாம் நாம் கொண்டுபோவது. அதற்கும் ஐ.நா. அரசுக்குப் பணம் தரும். பந்தல் கடைக்காரர் கல்யாண வீட்டுக்குச் சாமான் அனுப்புகிற கணக்குத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து ஒவ்வொரு வண்டியையும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பார்ப்பார்கள். கழிப்பறை, சலவை, சமையல் வரைக்கும் டிக் அடிப்பார்கள். ஓடாத வண்டிக்குக் காசு இல்லை. அந்த வாரம் முகாமில் ஒருவனும் தூங்கமாட்டான்.

1950-களிலிருந்து 50-க்கும் மேற்பட்ட பணிகளுக்கு இந்தியா அனுப்பியவர்கள் 2,90,000 பேருக்கு மேல். சுமார் 180 பேர் உயிரிழந்திருக்கிறார்கள். வேறெந்த நாடும் இத்தனை பேரை இழக்கவில்லை. 1961 டிசம்பரில் காங்கோவில் இறந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள்.

அமைதிப்படை என்றதும் நம் பக்கம் பெரியவர்களுக்கு இலங்கை ஞாபகம்தான் வரும். 1987-ல் போனது ஐ.நா. படை அல்ல. இரு நாட்டு ஒப்பந்தப்படி டெல்லி அனுப்பியது. அங்கே நம் ஆட்களே சண்டையில் ஒரு தரப்பாகிப் போனார்கள். மூன்று வருடம்கூட ஆகவில்லை, 1,100-க்கு மேல் இறந்தார்கள். ஐ.நா.வில் எழுபது வருடத்துக்கு மேல் சுமார் 180 என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு போவதும், எதற்குச் சுடலாம் என்று முன்பே எழுதி வைத்திருப்பதும்தான் ஐ.நா. பணியில் உள்ள வித்தியாசம்.

லெபனானில் இஸ்ரேல் எல்லையை ஒட்டி நீலக்கோடு என்று ஒன்று, 2000-ல் ஐ.நா. போட்டது. வேலி எல்லா இடத்திலும் கிடையாது. ஆங்காங்கே நீல பீப்பாய் நிற்கும், அதுதான் அடையாளம். ஆடு தாண்டினால் பெரிய விஷயமில்லை, ஆட்டைத் தேடி ஆட்டுக்காரர் போனால்தான் வம்பு. இஸ்ரேல் ராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதைத் தடுப்பதே ரோந்தில் பாதி வேலை. நம் பட்டாலியனில் கால்நடை டாக்டரும் உண்டு. ஊர் ஊராக முகாம் போட்டு ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பார். எங்கள் வீடு கிடை போடுகிற வீடு. அதனால் ஆட்டைக் காலிடுக்கில் இறுக்கி, கடைவாயில் விரலை விட்டு மருந்து ஊற்றுகிற வேலை எனக்கு வந்தது. ஒரு கிழவர் மொழிபெயர்ப்பாளரை இழுத்து வந்து, "உங்க வீட்டுல எத்தனை உருப்படி?" என்றுதான் கேட்டார். நாடு எது என்று கேட்கவில்லை.

ஏன் அனுப்புகிறோம்? உலக அரங்கில் மரியாதை, படைக்கு அனுபவம், பாதுகாப்பு கவுன்சில் நிரந்தர இடத்துக்கு ஒரு வாதம். மூன்றாவது இன்னும் பலிக்கவில்லை. எங்கே போவது, என்ன செய்வது என்பதை முடிவு செய்யும் ஐந்து வல்லரசுகளில் சீனாவைத் தவிர மற்றவை அனுப்பும் ஆட்கள் கொஞ்சம்தான். எனக்கு அதில் இன்றைக்கும் எரிச்சல் உண்டு.

தம்பி தனியாக விண்ணப்பித்துப் போக முடியாது. பெரும்பாலும் யூனிட்டாகத்தான் தேர்வு செய்வார்கள், கூடவே மற்ற பிரிவுகளிலிருந்து சிலரைச் சேர்ப்பார்கள். மெடிக்கலில் ஷேப்-1, அதாவது முழு உடல்தகுதி, இருக்க வேண்டும். லெபனான் பணியை 2026 இறுதியோடு முடிக்க 2025-ல் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானித்துவிட்டது. ஆகவே தெற்கு சூடான் பக்கம்தான் வாய்ப்பு அதிகம். அங்கே போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். ஊசி போட்டதற்கான அட்டையைத் தொலைக்காமல் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.